கொடிக்கயிற்று மரத்தின் தேமல்

பினாங்குத் தீவில் பொய் சொல்லாத பொருள்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று, நுண்ணோக்கி. மற்றது, மோகனராஜ்.

இதை மோகனராஜே சொன்னான். ஜார்ஜ்டவுனில், தீவுத் தாவரப் பதிவு மன்றத்துக்கு எதிரேயுள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடையான மாமாக் கடையில், காலை ஒன்பதே முக்காலுக்கு, கையில் தே தாரேக் தேநீர்க் கிளாசை வைத்துக்கொண்டு, முகத்தில் துளி சிரிப்பில்லாமல் சொன்னான். அவன் மன்றத்தில் கள உதவியாளனாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருட ஒப்பந்தம்.

"அண்ணே, கண்ணால பார்க்காத ஒண்ணுக்கு நேரா 'உள்ளது'ன்னு நான் எழுதுனேன்னா, அன்னைக்கு இந்த வலது கை மணிக்கட்டோட கழண்டு விழுந்துடும். வேணும்னா எழுதி வச்சுக்குங்க."

எதிரில் உட்கார்ந்திருந்த பெர்னார்ட் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வேறு விஷயத்தை.

பெர்னார்ட் மன்றத்தின் மூத்த கள அலுவலர். இருபத்து நான்கு வருட சர்வீஸ். அவர் எழுதிக்கொண்டிருந்தது காலாண்டுக் கண்காணிப்புப் படிவம். மன்றம் பாதுகாத்துவரும் நாற்பத்தோரு அரிய இனங்கள் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே அது இருக்கும் இடம். அதற்கடுத்து ஒரு காலிக் கட்டம். கள அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காடு மேடெல்லாம் ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் நேரில் கண்டு, அந்தக் கட்டத்தில் 'உள்ளது' அல்லது 'இல்லை' என்று தன் கைப்பட எழுத வேண்டும். இது விதி. பெர்னார்ட் நாற்பத்தொன்றையும், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வருவதற்குள் எழுதி முடித்துவிடுவார். குழம்புத் துளி படாமல் எழுதுவதில் அவருக்குத் தனித் தேர்ச்சி.

"பதினேழாம் நம்பர் ஆர்க்கிட் எப்படிண்ணே இருக்கு? அது ஒட்டியிருந்த மரம் விழுந்தே ஆறு வருஷம் ஆச்சாமே?"

"நல்லாத்தான்லா இருக்கு."

"எங்க?"

"படிவத்துல."

மோகனராஜ் வயிறு வலிக்கச் சிரித்தான். பகல் சாப்பாட்டுக்குள் பெர்னார்டுக்கு 'ஞானதிருஷ்டி அண்ணன்' என்ற பெயர் மன்றம் முழுக்கப் பரவிவிட்டது. கண்ணை மூடி, இரண்டு விரலை நெற்றியில் வைத்து, "தெரிகிறது... ஓர் இலை தெரிகிறது... காற்றில் ஆடுகிறது" என்று அவன் நடித்துக் காட்டியதை, ரசாயனப் பிரிவினர் இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பெர்னார்டும் பார்த்தார். "விரலு இன்னும் கொஞ்சம் மேல வைக்கணும் தம்பி" என்று திருத்தினார்.

*

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், மன்றத்தின் முகப்பில் 'பொதுமக்கள் ஐயம் தெளிதல்' என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் மோகனராஜ் உட்கார்ந்திருந்தபோது, லோகேஸ்வரி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையில், வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். கொடிமலையின் பின்புறச் சரிவுக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள் ஒரு வரிசை. அதில் கடைசி வீடு அவளுடையது.

"தம்பி, எங்க வீட்டுப் பின்னாடி மலையில சிவப்புக் கம்பு நட்டுட்டுப் போயிருக்கானுங்க. சரிவை வெட்டி பங்களா கட்டப் போறாங்களாம். ஜூன் மாசக் கடைசி வரைக்கும்தான் ஆட்சேபனை சொல்லலாமாம். ரெண்டு வருஷம் முன்ன மூணு நாள் மழைக்கே மண்ணு எறங்கி, அடுப்படியில பாதி பிரிட்ஜ் வரைக்கும் வந்து நின்னுச்சு. மரம் இருக்கறப்பவே அந்தக் கதி. அதையும் வெட்டிட்டா நாங்க எங்க போறது?"

"அக்கா, இது செடிகொடி பார்க்கிற ஆபீசு..."

"தெரியும்லா. எல்லா ஆபீசும் ஏறி எறங்கிட்டுத்தான் இங்க வரேன். கீழ மனுசங்க இருக்காங்கன்னா ஒண்ணும் செய்ய முடியாதாம். மேல அபூர்வமா ஏதாச்சும் இருந்தா நிப்பாட்டலாமாம். அதான் போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன். அபூர்வமா எதாவது இருக்கான்னு பாரு."

கைப்பேசியில் எண்பது படங்கள் வைத்திருந்தாள். அணில், உடும்பு, காளான், மறுபடி அதே உடும்பு, பக்கத்து வீட்டுப் பூனை. மோகனராஜ் தள்ளிக்கொண்டே போனான். அறுபத்து மூன்றாவது படத்தில் நின்றான். அது துணி காயும் படம். கொடிக்கயிறு கட்டியிருந்த மரத்தின் பட்டையில், ஒரு ரொட்டி சானாய் அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு. அதன்மேல் யாரோ கறுப்பு மையால் அவசரமாகக் கிறுக்கியதுபோல் கோடுகள். கோடுகளின் ஓரத்தில் துருச் சிவப்பு.

"இது என்னக்கா?"

"அதுவா? தேமல். மரத்துக்கு வந்திருக்கு. நான் கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து பார்க்கிறேன், கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அன்று சாயங்காலமே மோகனராஜ் அந்த மரத்தடியில் நின்றான். தேமல் என்று லோகேஸ்வரி சொன்னது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாகக் குடித்தனம் நடத்துவது. பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு ரொட்டி அளவு வளர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அவன் நகக்கண் அளவு துளி எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தான். அதன் விதைத்தூள்கள் அறை அறையாகத் தடுத்திருந்தன. புத்தகத்தில் உள்ள உறவுக்கார லைக்கன்களுக்கெல்லாம் பத்து அறைக்குமேல் இல்லை. இதற்குப் பதினான்கு. மூன்று முறை எண்ணினான். பதினான்கேதான். சரிவில் இருந்த மற்ற மரங்களையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வேறு எதிலும் அது இல்லை.

"அக்கா, உங்க தேமலு உலகத்துல வேற எங்கயும் இல்ல போலிருக்கு. இனத்தை அடையாளம் கண்டு மன்றம் ஒரு சான்றிதழ் குடுத்துட்டா சரிவுல ஒருத்தன் கை வைக்க முடியாது."

"எத்தனை நாள்லா ஆகும்?"

"புது இனம்னு தெரிஞ்சு போச்சுக்கா. இனி எழுதறதுதான். ஒரு வாரம்."

நுண்ணோக்கிக்கு அடுத்தபடியாகப் பொய் சொல்லாத அந்தப் பையன் அன்று சொன்னது அதுதான்.

*

பதிவுப் பிரிவில் கோப்பு திறக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் வரி: 'இனத்தின் பெயர்.' பெயரைக் கண்டுபிடிக்கத்தான் கோப்பு என்று மோகனராஜ் சொன்னான். பெயரில்லாத கோப்பை அலமாரியில் எந்த எழுத்தின்கீழ் வைப்பது என்று பதிவாளர் கேட்டார். இருவர் கேட்டதும் நியாயமாகவே இருந்ததால் மூன்று வாரம் போயிற்று. கடைசியில் 'லோ' வரிசையில், 'லோகேஸ்வரி வீட்டுக் கொடிக்கயிற்று மரத்தில் உள்ளது' என்ற தலைப்பில் கோப்பு பிறந்தது.

பூஞ்சைப் பிரிவு கோப்பைப் படித்துவிட்டு, உள்ளே பாசி இருப்பதால் இது பாசிப் பிரிவைச் சேர்ந்தது என்று எழுதியது. பாசிப் பிரிவு, வெளியே பூஞ்சை இருப்பதால் இது பூஞ்சைப் பிரிவைச் சேர்ந்தது என்று எழுதியது. கோப்பு இரண்டு மாடிகளுக்கு இடையே பதினொரு முறை ஏறி இறங்கிய பிறகு, இரண்டு பிரிவும் சேர்ந்து ஆராயலாம் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் மோகனராஜுக்கு விதி பதினான்கு அறிமுகமானது. மன்றத்தின் எல்லாப் பெருமைக்கும் அந்த விதியே காரணம் என்று சொல்வார்கள். ஒரு பிரிவு சோதித்த மாதிரியை இன்னொரு பிரிவு தொடக்கூடாது. ஒவ்வொருவரும் உயிருள்ள மரத்திலிருந்து தமக்கெனத் தனி மாதிரி எடுத்து, தாமே சோதிக்க வேண்டும். மாதிரி ஒரு தீப்பெட்டி அளவுக்குக் குறையக்கூடாது. யானைக்காது அளவில் இலையுள்ள செடிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. லைக்கனுக்கு விலக்கு கேட்டு மோகனராஜ் எழுதிய கடிதத்துக்கு, 'சிறியது என்பதற்காகச் சலுகை காட்டுவது பெரியனவற்றுக்கு இழைக்கும் அநீதி' என்று பதில் வந்தது.

ஆகவே பூஞ்சைப் பிரிவுக்கு ஒரு தீப்பெட்டி. பாசிப் பிரிவுக்கு ஒரு தீப்பெட்டி. இரண்டு பிரிவும் சேர்ந்த கூட்டாய்வுக்கு, அது மூன்றாவது பிரிவாகக் கருதப்படும் என்பதால், இன்னொரு தீப்பெட்டி. ஒவ்வொரு முறையும் மோகனராஜே போய்க் கத்தியால் பட்டையோடு சீவி, காகிதத்தில் மடித்து எடுத்துவந்தான்.

"என்ன தம்பி, ரொட்டியைப் பிச்சு பிச்சு எடுத்துட்டுப் போற மாதிரி போற?" என்றாள் லோகேஸ்வரி, ஈரத்துணியைப் பிழிந்தபடி.

"மூணுதான்கா. முடிஞ்சிடும்."

ரசாயனப் பிரிவில் காரத் துளி விட்டுப் பார்ப்பார்கள். லைக்கன் நிறம் மாறும். எந்த நிறம் என்பதை வைத்து இனத்தைச் சொல்லலாம். பிரிவுத் தலைவி சுஹானா துளி விட்டார். மஞ்சளாயிற்று. "மஞ்சள்" என்று மோகனராஜ் எழுதப்போனான். சுஹானா அவன் கையைப் பிடித்தார். ஒருவர் காணும் மஞ்சளை இன்னொருவரும் காண்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம்? ஐந்து அலுவலர்கள், தனித்தனி அறையில், தனித்தனி மாதிரியில், தனித்தனியாகத் துளிவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து தீப்பெட்டி. பிறகு நிறம் குறித்துக் கூட்டம் நடந்தது. ஒருவர் கறிமஞ்சள் என்றார். ஒருவர் மாம்பழ மஞ்சள் என்றார். எந்த மாம்பழம் என்று துணைக்கேள்வி எழுந்தது. மூன்றாவது அமர்வில் வாக்கெடுப்பு நடத்தி, 'மிதமான மஞ்சள்' என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த இருவரும் தங்கள் மஞ்சளைக் குறிப்பில் தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

ஏப்ரல் பிறந்துவிட்டது.

பயன்பாட்டுக் குழு என்று ஒன்று இருப்பதே அதுவரை மோகனராஜுக்குத் தெரியாது. அதன் செயலாளர் ஷேக் அலாவுதீன், கோப்பை முழுவதும் படித்த ஒரே மனிதர். அதனால்தான் வினையே வந்தது.

"தம்பி, பிரியாணியில போடற கல்பாசி இருக்குல்ல, அதுவும் லைக்கன்தானே? எங்க வீட்டுல மூணு தலைமுறையா நாசி கண்டார் சோத்துக்கடை. எனக்குத் தெரியாததா? அப்ப இதுவும் அதுக்குச் சொந்தக்காரன்தானே?"

"தூரத்துச் சொந்தம் சார். இத யாரும் சாப்பிட முடியாது."

"அப்படி நீங்க எழுதித் தர முடியாது. நாங்கதான் எழுதணும். அதுக்குத்தானே குழு?"

இரண்டு தீப்பெட்டி கொடுத்தான். ஒன்று பச்சையாக, ஒன்று சமைத்து. பதினெட்டு நாளில் அறிக்கை வந்தது: 'மாதிரி இரண்டு கிலோ ஆட்டுக்கறியில் சேர்க்கப்பட்டது. சுவையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கறி நன்றாக இருந்தது. மேலும் ஆராயப் பரிந்துரைக்கப்படுகிறது.' பரிந்துரையை வாபஸ் வாங்கவைக்க மோகனராஜுக்கு ஒரு வாரமும், தூக்குச் சட்டியில் அவன் பங்குக்கு வந்த பிரியாணியைப் பாராட்டிப் பேச ஒரு மணி நேரமும் ஆயிற்று.

கணக்குப் பார்த்தான். பத்துத் தீப்பெட்டி. மரத்தில் முழு வட்டமாக இருந்தது அரை வட்டம் ஆகியிருந்தது. அன்று மாமாக் கடையில் வாய்விட்டுப் பொருமினான்.

"அண்ணே, அடையாளம் காணறதுக்குள்ள அது காணாமப் போயிடும்ண்ணே!"

பெர்னார்ட் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார். "இயக்குநரை மரத்துக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. அவரு நேர்ல பார்த்த எதையும் மறுக்க மாட்டாரு. போட்டோவுல இருப்பாருல்ல."

*

இயக்குநர் டாக்டர் கார்த்திகேசு மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை வந்தார். அவர் வருவதற்கு முதல்நாள் கூடாரம் வந்தது. நாற்காலி வந்தது, ஒலிபெருக்கி வந்தது. கொடிக்கயிறு பார்வைக்கு அழகாக இல்லை என்று அவிழ்க்கப்பட்டது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கைதட்டுவதற்காக வரிசையாக உட்காரவைக்கப்பட்டார்கள்.

"பெரியோர்களே," என்று டாக்டர் கார்த்திகேசு தொடங்கினார். "முப்பது ஆண்டுகளில் இந்த மன்றம் ஓர் இனத்தைக்கூடத் தவறாக அடையாளம் கண்டதில்லை. என்ன காரணம்? நாம் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை. பல அரிய இனங்கள் நம் பொறுமைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தாமாகவே விலகிக்கொண்டன. அவற்றுக்காக நாம் வருந்துகிறோம். ஆனால் நம் பதிவேட்டில் ஒரு பிழை இல்லை. இன்று காலை வரை இந்த லைக்கனை நான் பார்த்ததில்லை. இப்போதும் கண்ணாடியை வண்டியில் வைத்துவிட்டதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆயினும் சொல்கிறேன்: ஓர் இனத்தைக் காண வேண்டியது கண் அல்ல, குழு. கண் ஏமாறும். குழு ஏமாறாது. ஏனென்றால் குழு பார்ப்பதில்லை."

பலத்த கைதட்டல். லோகேஸ்வரியும் தட்டினாள். பக்கத்திலிருந்த மோகனராஜிடம் குனிந்து, "அந்தச் சான்றிதழ் சுராட்டைக் குடுத்துடுவாருல்ல?" என்று கேட்டாள்.

இயக்குநரோடு வந்திருந்த சிறப்பு விருந்தினருக்குக் கண்ணாடிப் பேழையில் ஒரு தீப்பெட்டி அளவு லைக்கன் நினைவுப்பரிசாக வழங்கப்பட்டது. இயக்குநரின் மேசைக்கு ஒன்று. பெயர் சூட்டும் குழுவுக்கு ஒன்று. அந்தக் குழு மட்டும் பத்தே நாளில் வேலையை முடித்தது. இனத்துக்கு இயக்குநரின் பெயரையே வைப்பதென்றும், அதைக் கண்டுபிடித்தவர் இயக்குநர் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது.

பதின்மூன்று.

ஜூன் இருபத்து நான்காம் தேதி எல்லாக் கையெழுத்தும் முடிந்து கோப்பு இயக்குநர் மேசைக்குப் போனது. மோகனராஜ் கூப்பிடப்பட்டான்.

"எல்லாம் சரியாக இருக்கிறது தம்பி. மூலமாதிரி எங்கே?"

"சார்?"

"மூலமாதிரி. பாதுகாப்பு அறையில் பெட்டிக்குள் வைக்க. குறைந்தது உள்ளங்கை அளவு. அது இல்லாமல் சான்றிதழில் முத்திரை விழாது. இந்த இனம் என்றால் இதுதான் என்று நாளைக்கு உலகத்துக்குக் காட்ட வேண்டாமா?"

"சார், மரத்துல மிச்சம் இருக்கறதே உள்ளங்கை அளவுதான். அதையும் எடுத்துட்டா மரத்துல ஒண்ணும் இருக்காது. அப்புறம் எதுக்கு சார் பாதுகாப்பு?"

டாக்டர் கார்த்திகேசு வருத்தத்தோடு அவனைப் பார்த்தார். பட்டம் வாங்கிய பையனுக்கு இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

"மரத்தில் இருப்பது வெறும் லைக்கன், தம்பி. மழை அடித்தால் போகும், மரம் விழுந்தால் போகும். பெட்டியில் இருப்பதுதான் இனம். நாம் பாதுகாப்பது இனத்தை."

மோகனராஜ் கடைசியாக ஒரு முறை கத்தியை எடுத்துக்கொண்டு போனான். லோகேஸ்வரி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சரிவின் மேலே சிவப்புக் கம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் மண்வாரி வந்து நின்றிருந்தது. அந்த மஞ்சளைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது.

"அக்கா, இத எடுத்துட்டா அவ்வளவுதான். இது இல்லாமப் போயிடும். உலகத்துலயே."

அவள் பட்டையைப் பார்த்தாள். பிறகு தன் அடுப்படிச் சுவரைப் பார்த்தாள். சேறு நின்ற கோடு வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"எடு தம்பி. பாவம்தான். இருபது வருஷமா என்கூடவே இருந்துச்சு. எடுத்துட்டு சுராட்டைக் கொண்டா."

நாற்காலி ஆடாமல் இருக்க அவளே பிடித்துக்கொண்டாள். அவன் சீவினான்.

*

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், சான்றிதழ் கிடைத்தது. மண்வாரி திரும்பிப் போனது. பத்திரிகையில் இயக்குநரின் படம் வந்தது. லோகேஸ்வரி சான்றிதழின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். சான்றிதழின் கடைசி வரியை, எழுத்து மிகவும் சிறியதாக இருந்ததால், யாரும் படிக்கவில்லை. மோகனராஜ் மட்டும் படித்தான்: 'இவ்வினம் மேற்படி மரத்தில் உயிருடன் உள்ளவரை இப்பாதுகாப்பு செல்லும். கள அலுவலர் காலாண்டுதோறும் நேரில் கண்டு உறுதி செய்வார். 'இல்லை' எனப் பதிவான பதினான்காம் நாள் பாதுகாப்பு தானே நீங்கும்.'

படிவத்தில் ஐயம் உள்ளவர்கள் மரத்தை நேரில் பார்க்க விண்ணப்பிக்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. விண்ணப்பம் மன்றத்துக்கு வரவேண்டும். எல்லாப் பிரிவுகளும் ஆராயும்.

செப்டம்பரில் படிவம் வந்தது. இந்த முறை நாற்பத்திரண்டு வரிகள். நாற்பத்திரண்டாவது வரி கள உதவியாளரான மோகனராஜின் பொறுப்பு என்று இயக்குநர் பென்சிலால் குறித்திருந்தார். அவனுடைய ஒப்பந்தமும் அந்த மாதம்தான் முடிகிறது. புதுப்பிக்கும் தாள் அதே உறையில் இணைத்திருந்தது.

அவன் மரத்தைப் பார்க்கப் போனான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. விதிப்படிதான் போனான். கொடிக்கயிறு மறுபடி கட்டியிருந்தது. திட்டு இருந்த இடத்தில் பட்டை உரிந்து, ஒரு ரொட்டி அளவுக்கு வெளிறிய வழுவழுப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஓரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு துணுக்கு, ஒரு கோடுகூட மிச்சமில்லை. எறும்பு ஒன்று போனது.

"எல்லாம் நல்லா இருக்கா தம்பி?" லோகேஸ்வரி துணிக்கூடையோடு வந்தாள். முந்திய நாள் பெய்த மழையில் சரிவு நனைந்து கறுத்திருந்தது. ஆனால் நின்றது. "மழை வந்தாத்தான் பயமா இருக்கும். இப்பல்லாம் தூங்குறேன்லா. சாப்பிட்டுப் போ."

"இல்லக்கா. வேலை இருக்கு."

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு மாமாக் கடையில் பெர்னார்ட் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தார். மோகனராஜ் எதிரில் உட்கார்ந்தான். காத்திருக்கும்போது படிவத்தின் 'இடம்' என்ற பத்தியை முதல்முறையாகப் படித்தான். இத்தனை நாளும் அவன் பெயர்களைத்தான் படித்துச் சிரித்திருந்தான். ஒன்பது: ஓடையை ஒட்டி, குடியிருப்புக்கு மேல். பதினேழு, அந்த ஆர்க்கிட்: பள்ளிக்கூடத்துக்குப் பின்புறச் சரிவு. இருபத்து மூன்று: குடிநீர்த் தொட்டிக்கு மேல்.

பெர்னார்ட் கீழே இருக்கும் மனிதர்களுக்காகத்தான் இருபத்து நான்கு வருடமாக எழுதினாரா, அல்லது வெயிலில் ஏற முடியாது என்பதற்காக எழுதினாரா? கேட்க வேண்டும் என்று மோகனராஜுக்குத் தோன்றியது. கேட்டால், 'நீ எதுக்குத் தம்பி எழுதற?' என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். உறைக்குள் ஒப்பந்தத் தாள் வேறு இருந்தது.

பெர்னார்ட் நாற்பத்தொன்றை முடித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

மோகனராஜ் பேனாவை எடுத்தான். நாற்பத்திரண்டாவது கட்டத்தில், நல்ல தெளிவான கையெழுத்தில், 'உள்ளது' என்று எழுதினான். சற்று யோசித்து, குறிப்புப் பத்தியில், 'நலமாக உள்ளது' என்றும் சேர்த்தான்.

பெர்னார்ட் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை.

ரொட்டி வந்தது. மோகனராஜ் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது மணிக்கட்டோடு அங்கேயே இருந்தது. அதே கையால் ரொட்டியைப் பிய்த்து, படிவத்தில் படாமல், குழம்பில் தோய்த்தான்.